எல்லையோர வாக்கின் எடை



தேர்தல் காலத்தில் இரண்டு கணக்குகள் நடைபெறுகின்றன. ஒன்று, வாக்குப் பதிவு முடிந்தபின் அதிகாரிகள் எண்ணிச் சொல்லும் கணக்கு. மற்றொன்று, அதற்குப் பல மாதங்களுக்கு முன்பே கட்சிக் காரியாலயங்களில் காகிதமும் பென்சிலும் கொண்டு போடப்படும் கணக்கு. இன்ன வகுப்பார் இத்தனை பேர், இன்ன சபையைச் சேர்ந்தவர் இத்தனை பேர், இவர்கள் நம்மவர், அவர்கள் எதிரணியினர், நடுவில் நிற்போர் இவ்வளவு என்று அந்தக் கணக்கு ஓடும். முன்னது மக்களுடைய கணக்கு. பின்னது உபாயம் வகுப்போருடைய கணக்கு. இவ்விரண்டும் ஒத்துப் போவதும் உண்டு, மாறுபடுவதும் உண்டு. மாறுபட்ட இடங்களை ஆராய்ந்து பார்த்தால் வாக்காளனுடைய மதிப்பு எதனால் உயர்கிறது, எதனால் தாழ்கிறது என்பது விளங்கும். அந்த ஆராய்ச்சிக்குக் கேரளத்தின் தென்கோடியிலுள்ள நெய்யாற்றின்கரை, பாறசாலை என்னும் எல்லையோர ஊர்களை இன்று எடுத்துக்கொள்வோம்.

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவிலுக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் முதலில் நெய்யாற்றின்கரையும், அதனைத் தாண்டிப் பாறசாலையும் வரும். இன்னும் சிறிது தூரம் சென்றால் இஞ்சிவிளை, அதற்கப்பால் களியக்காவிளை. களியக்காவிளை தமிழ்நாட்டைச் சேர்ந்தது. எல்லை என்று சொன்னவுடன் ஆறோ மலையோ குறுக்கே நிற்கும் என்று எண்ண வேண்டாம். இப்பக்கத்துத் தென்னந்தோப்பும் அப்பக்கத்துத் தென்னந்தோப்பும் ஒன்றுபோலவே இருக்கும். பெண் கொடுப்பதும் எடுப்பதும் எல்லையைக் கடந்தே நடைபெறுகின்றன. சந்தைக்குத் தெற்கே போவார்கள். கச்சேரிக்கு வடக்கே போவார்கள். ஒரே மனிதர் வீட்டில் தமிழும் கடைவீதியில் மலையாளமும் பேசுவதைக் காணலாம். இவ்வளவு கலந்து வாழும் மக்களைப் பிரித்துக் காட்டுவது வாக்காளர் பட்டியல் ஒன்றுதான். ஒருவர் பெயர் ஒரு தொகுதியில் மட்டுமே இருக்க முடியும். உறவு இரண்டு ராஜ்யங்களிலும் இருக்கலாம். வாக்கு ஒரு ராஜ்யத்திலேதான்.

இந்த வாக்குரிமை இவர்களுக்கு எளிதில் கிடைத்ததன்று. பொறுப்பாட்சி கோரித் திருவிதாங்கூரில் நடந்த கிளர்ச்சியின்போது, 1938-ஆம் ஆண்டு ஆகஸ்டு 31-ஆம் தேதி நெய்யாற்றின்கரையில் துப்பாக்கிப் பிரயோகம் நடந்தது. வீரராகவன் முதலானோர் உயிர் நீத்தனர். பத்து ஆண்டுகளுக்குப் பின், 1948-ஆம் ஆண்டு பிப்ரவரியில், வயதுவந்தோர் அனைவரும் வாக்களிக்கும் முதல் தேர்தலைத் திருவிதாங்கூர் கண்டது. அத்தேர்தலிலேதான் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் முதன்முதலாகக் களத்தில் இறங்கிற்று. சமஸ்தானத்தின் தமிழ்ப் பகுதிகளைத் தமிழகத்தோடு இணைக்க வேண்டும் என்பது அதன் குறிக்கோள். தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு, செங்கோட்டை ஆகியவற்றோடு நெய்யாற்றின்கரை, தேவிகுளம், பீருமேடு, சித்தூர் ஆகிய தாலுகாக்களையும் அக்கட்சி கோரிற்று. 120 இடங்கள் கொண்ட சபையில் 14 இடங்கள் அதற்குக் கிடைத்தன.

பதினான்கு பேரால் என்ன செய்துவிட முடியும் என்று அன்று சிலர் நகைத்திருக்கலாம். அடுத்த சில ஆண்டுகளில் அந்நகைப்பு அடங்கிற்று. 1952-இல் திருவிதாங்கூர்-கொச்சி சட்டசபையில் 108 இடங்கள். காங்கிரசுக்குக் கிடைத்தவை 44. பெரும்பான்மைக்கு 55 வேண்டும். திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசிடம் இருந்தவை எட்டே எட்டு. அந்த எட்டின் துணையோடுதான் ஏ. ஜே. ஜான் மந்திரி சபை அமைந்தது. அக்கட்சியைச் சேர்ந்த சிதம்பரநாத நாடார் மந்திரியானார். தமிழ்ப் பகுதிகளைப் பற்றிய கோரிக்கையில் மனநிறைவு ஏற்படாமற் போகவே, 1953-ஆம் ஆண்டு அக்கட்சி தன் ஆதரவை விலக்கிக்கொண்டது. மந்திரி சபை விழுந்தது. 1954-இல் மறு தேர்தல் வந்தது. 117 இடங்களில் காங்கிரசுக்கு 45, பிரஜா சோஷலிஸ்டுக் கட்சிக்கு 19, தமிழ்நாடு காங்கிரசுக்கு 12. பத்தொன்பது பேரைக் கொண்ட பிரஜா சோஷலிஸ்டுகள், காங்கிரசின் வெளியாதரவைப் பெற்று, பட்டம் தாணுபிள்ளை தலைமையில் ஆட்சி அமைத்தனர்.

அவ்வாட்சியின்போது தமிழ்ப் பகுதிகளில் கிளர்ச்சி மூண்டது. 1954 ஆகஸ்டு 11-ஆம் தேதி மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீசார் சுட்டனர், உயிர்கள் பலியாயின. பட்டம் தாணுபிள்ளையின் கட்சியிலேயே முன்னணியில் நின்ற ராம் மனோகர் லோகியா, சுட்டது நம் சர்க்காரே ஆயினும் அது பதவி விலக வேண்டும் என்று வற்புறுத்தினார். அரும்பாடுபட்டுப் பெற்ற ஆட்சியைக் கைவிடுவது உபாயமாகாது என்று கட்சியின் மற்றத் தலைவர்கள் கருதினர். ஆட்சியைக் காப்பதா, கொள்கையைக் காப்பதா என்னும் அந்த வழக்கு அகில இந்தியாவிலும் பேசப்பட்டது. அடுத்த ஆண்டு பிப்ரவரியில் அம்மந்திரி சபையும் விழுந்தது. ஆட்சியும் நிற்கவில்லை, கொள்கையும் முழுமையாய் நிற்கவில்லை.

இவ்வரலாற்றிலிருந்து ஒரு பாடம் கிடைக்கிறது. வாக்கின் எடை அதன் எண்ணிக்கையை மட்டும் பொறுத்ததன்று. தராசின் எந்த இடத்தில் அது வைக்கப்படுகிறது என்பதையும் பொறுத்தது. இரண்டு தட்டுகளும் ஏறக்குறைய ஒத்திருக்கும்போது, ஒரு குன்றிமணி கூட முள்ளைச் சாய்த்துவிடும். ஆனால் அந்தக் குன்றிமணி இன்ன தட்டில்தான் விழும் என்று முன்கூட்டியே யாவருக்கும் தெரிந்துவிட்டால், அதனைக் கவனிப்பார் இல்லை.

பாடத்தின் மறுபாதி 1956-ஆம் ஆண்டில் வருகிறது. ராஜ்ய புனரமைப்புக் கமிஷனின் முடிவை ஒட்டி, அவ்வாண்டு நவம்பர் முதல் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு என்னும் நான்கு தாலுகாக்கள் கன்னியாகுமரி மாவட்டமாகச் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தன. செங்கோட்டையின் பெரும் பகுதியும் சேர்ந்தது. நெய்யாற்றின்கரை சேரவில்லை, அங்கே தமிழர் சிறுபான்மையினர். குறிக்கோளில் பெரும் பகுதி நிறைவேறியதும் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் இந்தியத் தேசிய காங்கிரசில் கலந்துவிட்டது. தெற்கே இருந்தவர்களுக்கு அது வெற்றி விழா. பாறசாலைக்கு வடக்கேயும் கிழக்கேயும் தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்களுக்கோ? அவர்களுக்காகச் சட்டசபையில் எழுந்து நின்று பேசிய கட்சி மறைந்தது. அவர்களோடு சேர்ந்து எண்ணப்பட்ட லட்சக்கணக்கான வாக்குகள் எல்லைக்கு அப்பால் போய்விட்டன. ஒரே நாளில், ஒரு மனிதர்கூட இடம் பெயராமலே, அவர்களுடைய வாக்கின் எடை மாறிப் போயிற்று.

இஃது நம் நாட்டிற்கு மட்டுமே உரிய நிலையன்று. திருவிதாங்கூர் முதன்முதலாக வாக்களித்த அதே 1948-ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவிலும் ஜனாதிபதித் தேர்தல் நடைபெற்றது. அந்நாட்டில் ஜனாதிபதியை மக்களின் மொத்த வாக்கு நேரே தேர்ந்தெடுப்பதில்லை. ஒவ்வொரு ராஜ்யத்திற்கும் இத்தனை தேர்வாளர் என்று வரையறை உண்டு. பெரும்பாலும் ராஜ்யத்தில் ஒரு வாக்கு மிகுதியாகப் பெற்றவருக்கும் அந்த ராஜ்யத்தின் தேர்வாளர் அனைவரும் கிடைப்பர். ஆகவே உபாயம் வகுப்போர் ராஜ்யங்களை மூன்றாகப் பிரிப்பார்கள்: நிச்சயம் நமக்குரியவை, நிச்சயம் நமக்கு இல்லாதவை, ஊசலாடுபவை. பணமும் பிரசாரமும் வேட்பாளரின் கால்நடையும் மூன்றாவது வகைக்கே செல்லும்.

1947-ஆம் ஆண்டு நவம்பரில் ஜனாதிபதி ட்ரூமனிடம் நீண்டதொரு குறிப்பு அளிக்கப்பட்டது. ஜேம்ஸ் ரோ என்பவர் தயாரித்து, கிளார்க் கிளிஃபோர்டு என்னும் ஆலோசகர் வாயிலாகச் சேர்ந்த அக்குறிப்பு, அமெரிக்கத் தேர்தல் உபாயங்களின் வரலாற்றில் புகழ் பெற்றது. தென்பகுதி ராஜ்யங்கள் டெமாக்ரடிக் கட்சிக்கு உறுதியானவை. ஆதலால் தொழிலாளர், குடியானவர், நகரங்களில் வாழும் கறுப்பு மக்கள் முதலியோரின் ஆதரவைத் திரட்டுவதில் கவனம் செலுத்தலாம் என்பது அதன் சாரம். நடந்தது என்ன? கறுப்பு மக்களின் உரிமைகளைக் கட்சி மாநாடு ஏற்றதும், தென்பகுதிப் பிரதிநிதிகள் சிலர் மாநாட்டிலிருந்தே வெளியேறினர். தர்மாண்டு என்பவர் தனி வேட்பாளராக நின்று நான்கு தென் ராஜ்யங்களைக் கைப்பற்றினார். உறுதியானது என்று எழுதப்பட்ட கோட்டை விரிந்தது. ஆயினும் ட்ரூமன் வென்றார். குறிப்பின் ஒரு பாதி பொய்த்தது; மற்றொரு பாதி அவரைக் காப்பாற்றிற்று. இங்கே நாம் மறக்கக் கூடாத செய்தி ஒன்றுண்டு. பிரிந்து போனவர்களின் கோரிக்கை நியாயமானதன்று. உரிமை கேட்டவர்களின் கோரிக்கையே நியாயமானது. எனவே, ஆதரவு இழப்பு ஒவ்வொன்றும் தவறான உபாயத்தின் பயன் என்று சொல்லிவிட முடியாது. நீதியின் பொருட்டுச் சில வாக்குகளை இழப்பதும் அரசியலில் உண்டு.

அன்றிலிருந்து இன்றுவரை அந்நாட்டில் ஒரு வாதம் ஓயாமல் நடைபெறுகிறது. நடுவில் நிற்போரை நயமாகப் பேசி நம் பக்கம் இழுப்பதே வழி என்பர் ஒரு சாரார். நம்மவராக இருந்தும் வீட்டிலேயே தங்கிவிடுவோரை வாக்குச் சாவடிக்கு அழைத்து வருவதே வழி என்பர் மற்றொரு சாரார். முன்னவர் சொற்படி நடந்தால் கொள்கையைத் தளர்த்த நேரிடும். பின்னவர் சொற்படி நடந்தால் குரலை உயர்த்த நேரிடும்.

இந்த வாதத்தை மனத்திற்கொண்டு மீண்டும் நம் எல்லையோரத்திற்கு வருவோம். 1996-ஆம் ஆண்டு பாறசாலைத் தொகுதியில் என். சுந்தரன் நாடார் கட்சிச் சின்னம் இன்றிச் சுயேச்சையாக நின்று வென்றார். நீண்ட காலம் காங்கிரசில் இருந்தவர் அவர். 2001-இல் அதே தொகுதியில் அவரே காங்கிரஸ் வேட்பாளராக வென்று, சட்டசபையின் துணைச் சபாநாயகரும் ஆனார். தொகுதி கட்சியினுடையதா, மனிதருடையதா என்னும் கேள்வி எழுகின்றது அல்லவா? 2006-இல் அவரை வென்றவர் மார்க்சிஸ்டுக் கட்சியின் ஆர். செல்வராஜ். தொகுதி மனிதருடையதும் அன்று என்று அத்தேர்தல் காட்டிற்று.

செல்வராஜின் கதை இன்னும் சுவையானது. 2011-இல் அவர் நெய்யாற்றின்கரைக்கு மாறி, மார்க்சிஸ்டுச் சின்னத்தில் 54,711 வாக்குகள் பெற்றுக் காங்கிரசின் தம்பானூர் ரவியை 6,702 வாக்கு மிகுதியில் வென்றார். அந்தத் தேர்தலில் ஐக்கிய ஜனநாயக முன்னணி 140 இடங்களில் 72 பெற்று மயிரிழையில் ஆட்சி அமைத்திருந்தது. 2012 மார்ச்சு மாதம் செல்வராஜ் தம் பதவியையும் கட்சியையும் துறந்தார். காங்கிரசின் வேட்பாளராகவே இடைத்தேர்தலில் நின்றார். எதிரே மார்க்சிஸ்டுக் கட்சியின் எஃப். லாரன்ஸ், மூன்றாவதாகப் பாரதிய ஜனதாவின் ஓ. ராஜகோபால். கட்சி மாறியவரை மக்கள் தண்டிப்பர் என்று ஒரு கணக்கு. சமூகமும் சபையும் அவரைத் தாங்கும் என்று மற்றொரு கணக்கு. இவற்றிற்கிடையே மே 4-ஆம் தேதி, ராஜ்யத்தின் வடபகுதியிலுள்ள ஒஞ்சியத்தில், மார்க்சிஸ்டுக் கட்சியிலிருந்து பிரிந்து தனிக் கட்சி கண்ட டி. பி. சந்திரசேகரன் வெட்டிக் கொல்லப்பட்டார். எங்கோ வடக்கே விழுந்த வெட்டு, தென்கோடித் தேர்தலின் பேச்சையே மாற்றிவிட்டது. ஜூன் 2-ஆம் தேதி வாக்குப் பதிவு. முடிவு என்ன? செல்வராஜ் 52,528, லாரன்ஸ் 46,194, ராஜகோபால் 30,507.

இந்த எண்களைச் சற்று நிதானமாக நோக்குவோம். சின்னம் நேர் எதிராக மாறியும் செல்வராஜின் வாக்கு இரண்டாயிரத்துச் சொச்சமே குறைந்தது, மிகுதியும் 6,334. ஏறக்குறைய முன்போலவேதான். ஆகா, இவை அவருடைய சொந்த வாக்குகள் என்று சொல்லத் தோன்றும். அவ்வாறு சொன்னவர்களுக்கு 2016 விடை கூறிற்று. அவ்வாண்டும் அவர் ஏறத்தாழ 54,000 வாக்குகள் பெற்றார். ஆனால் மார்க்சிஸ்டுக் கட்சியின் கே. அன்சலனிடம் ஒன்பதாயிரத்துக்கு மேற்பட்ட வாக்குகளால் தோற்றார். மூன்று தேர்தல்களிலும் அவர் பெற்ற எண்ணிக்கை கிட்டத்தட்ட ஒன்றே. இருமுறை அது வெற்றி. ஒருமுறை அது தோல்வி. அவரைச் சுற்றி நின்றவர்கள் நகர்ந்தார்கள் என்பதே உண்மை.

யார் நகர்ந்தார்கள்? 2011-இல் பாரதிய ஜனதாவுக்கு இத்தொகுதியில் கிடைத்தவை ஏழாயிரத்துக்கும் குறைவு. அடுத்த ஆண்டே முப்பதாயிரத்தைத் தாண்டிற்று. 2016-இல் மறுபடியும் ஏறக்குறையப் பாதியாய்க் குறைந்தது. மூன்று அணிகளும் 2011-இல் பெற்ற வாக்குகளைக் கூட்டி, 2012-இல் பெற்றவற்றோடு ஒப்பிட்டால், பின்னது ஏறத்தாழ 20,000 மிகுதியாக இருப்பது தெரியும். அதாவது, ஒரு பெட்டியிலிருந்து மற்றொரு பெட்டிக்கு மாறிய வாக்குகளை விட, முன்னே எந்தப் பெட்டியிலும் விழாதிருந்த வாக்குகளே மிகப் பல. காரியாலயத்துப் பென்சில் கணக்கில் அவர்களுக்கு இடமே இருந்திராது. வகுப்பைக் கணக்கிட்டார்கள், சபையைக் கணக்கிட்டார்கள், முன் தேர்தலில் வீட்டில் இருந்த மனிதனைக் கணக்கிட மறந்தார்கள்.

அமெரிக்கர்களும் இதே மறதிக்கு விலை கொடுத்திருக்கிறார்கள். பென்சில்வேனியா, மிச்சிகன், விஸ்கான்சின் என்னும் மூன்று ராஜ்யங்களும் 1992 முதல் 2012 வரை ஆறு ஜனாதிபதித் தேர்தல்களிலும் டெமாக்ரடிக் கட்சிக்கே வாக்களித்தவை. 2016-இல் அக்கட்சியின் வேட்பாளர் ஹிலரி கிளின்டன், வேட்பாளராக நியமனம் பெற்றபின் விஸ்கான்சினுக்குப் பிரசாரத்திற்கென ஒருமுறையேனும் செல்லவில்லை. நாடு முழுவதிலும் அவர் எதிரியை விட 28 லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகள் மிகுதியாகப் பெற்றார். ஆயினும் இம்மூன்று ராஜ்யங்களையும் சேர்த்து எண்பதாயிரத்துக்கும் குறைவான வாக்கு வித்தியாசத்தில் இழந்தார். அதனோடு ஜனாதிபதிப் பதவியையும் இழந்தார். உறுதியானது என்று எழுதிவைத்த வீட்டின் கதவை யாரும் தட்டவில்லை.

ஒருவருடைய வாக்கு நமக்கு உறுதி என்று கட்சி கருதத் தொடங்கும் நாளே, அவரைப் புறக்கணிக்கத் தொடங்கும் நாளாகும். அவருடைய வாக்கு நமக்குக் கிடைக்கவே கிடைக்காது என்று கருதினாலும் பயன் அதுவே. இரண்டு நிலையிலும் அவர் வீட்டுப் பாதை சீராகாது.

எல்லையோரத் தமிழருக்கு இவ்வுண்மை மிக நெருங்கியது. அவர்கள் எண்ணிக்கையில் சிலர். பல பஞ்சாயத்துகளில் சிதறிக் கிடப்பவர். தமக்கென ஒருவரைத் தனியே அனுப்பிவைக்க இயலாதவர். இத்தகையோருக்கென்றே நம் அரசியல் சட்டம் சில காப்புகளைச் செய்திருக்கிறது. 1956-இல் சேர்க்கப்பட்ட 350-ஏ பிரிவு, சிறுபான்மை மொழிக் குழந்தைகளுக்கு ஆரம்பக் கல்வியைத் தாய்மொழியிலேயே அளிக்க வசதி செய்யுமாறு ராஜ்யங்களைப் பணிக்கிறது. பள்ளியில் 40 பேரோ, வகுப்பில் பத்துப் பேரோ இருந்தால் அம்மொழி ஆசிரியரை அமர்த்த வேண்டும் என்பது அதற்கும் முன்பே, 1949-இல், கல்வி மந்திரிகள் மாநாடு ஏற்ற அளவு. ஒரு தாலுகாவிலோ நகரசபையிலோ நூற்றுக்கு 15 முதல் 20 பேர் வேறு மொழியினராயின், முக்கிய அறிவிப்புகளையும் வாக்காளர் பட்டியலையும் அம்மொழியிலும் வெளியிடுவது நலம் என்று மத்திய சர்க்காரின் 1956-ஆம் ஆண்டு அறிக்கை கூறிற்று. கேரளத்தின் 1969-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம், தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்திற்குத் தம் மொழியிலேயே எழுதலாம், விடையும் அம்மொழியிலேயே பெறலாம் என்று உரிமை அளிக்கிறது.

ஏட்டில் இவை இருக்கின்றன. வகுப்பில் பத்துக் குழந்தைகள் என்றால், பத்தாவது குழந்தையை வேறு பள்ளிக்கு அனுப்பிவிட்டால் ஆசிரியர் பதவியே போய்விடும். எனவே இவ்வுரிமைகள் நிலைப்பதற்குக் கேட்பவர் இருக்க வேண்டும். கேட்பவரைப் பொருட்படுத்தும் சட்டசபை அங்கத்தினரும் இருக்க வேண்டும். ஆறாயிரம், ஒன்பதாயிரம் வாக்குகளில் வெற்றி தோல்வி தீரும் தொகுதியில், சில ஆயிரம் பேர் ஒரு கேள்வியை எல்லா வேட்பாளர்களிடமும் கேட்டால், அக்கேள்விக்கு விடை கூறாமல் யாரும் தப்ப முடியாது. தனிக் கட்சி வேண்டியதில்லை. தனி ராஜ்யமும் வேண்டியதில்லை. கேள்வி ஒன்றாக இருந்தால் போதும். விடையைப் பார்த்தபின் அவரவர் விரும்பியவர்க்கு வாக்களிக்கட்டும்.

இப்படிச் சொன்னால், வாக்கை மொழிக்கு விலை பேசச் சொல்கிறீர்களா என்று சிலர் கேட்கலாம். விலை பேசுவது வேறு; பொறுப்புக் கேட்பது வேறு. பணம் வாங்கிக்கொண்டு அளிக்கும் வாக்கு அன்றோடு தீர்ந்துவிடும். பொறுப்பை வாங்கிக்கொண்டு அளிக்கும் வாக்கு ஐந்தாண்டு உழைக்கும். மேலும், தமிழ் ஆசிரியரைக் கேட்கும் அதே வாயால் மலையாளத்து அண்டை வீட்டாருக்கு வேண்டிய குடிநீரையும் கேட்பவரே நல்ல வாக்காளர். எல்லையோரத்தில் தனித்து நின்று வென்ற நன்மை மிகக் குறைவு. சேர்ந்து கேட்டுப் பெற்ற நன்மையே மிகுதி.

உபாயம் வகுப்போருக்கும் ஒரு சொல். மக்களைக் கூட்டங்களாகப் பிரித்து எண்ணுவது எளிது. அவ்வெண்ணிக்கை ஓரளவுக்குப் பயன்படவும் செய்யும். ஆனால் நெய்யாற்றின்கரையில் 2012-இல் திடீரென்று வரிசையில் வந்து நின்றவர்களும், 1948-இல் அமெரிக்கத் தென்னாட்டில் திடீரென்று விலகிப் போனவர்களும் கூட்டங்களாகவே கணக்கில் எழுதப்பட்டிருந்தவர்கள். வாக்குச் சாவடிக்குள் ஒவ்வொருவரும் தனித்தே நுழைகிறார்கள். இஞ்சிவிளையில் தமிழ் பேசும் தாயும், நெய்யாற்றங்கரையில் மலையாளம் பேசும் உழவரும், விரலில் மை இட்டுக்கொண்டு வெளியே வரும்போது அவர்கள் கையில் இருந்த வாக்கின் எடை ஒன்றே. அந்த எடையை அறிந்து அவர்களிடம் பேசும் கட்சியே அவர்களுடைய ஆதரவுக்கு உரியது.